பாரிசவாதம் வந்து ஆண்டுகள் போன பிறகு: நடையையும் மனதையும் சேர்த்து மீட்க வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிசவாதம் வந்த முதல் மாதங்களில் வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். வவுனியா ஆஸ்பத்திரியிலோ கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலோ துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கச் சொந்தமெல்லாம் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வரும். ஒரு வருடம் போனால் வரவு குறையும். மூன்றாவது வருடத்தில் அவர் விறாந்தைக் கதிரையில் இருப்பார், சாப்பாடும் தேத்தண்ணீரும் அங்கேயே போகும், "அவருக்கு இனி இவ்வளவுதான்" என்று வீடும் பழகிவிடும். அப்படிப் பழகிப்போன வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் திரும்பாது என்று பலர் நம்புகிறார்கள். வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வரும் என்பது உண்மைதான். அதன் பிறகு வேகம் குறையும், ஆனால் வாசல் மூடுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் ஒழுங்கான பயிற்சியால் நடை உறுதிப்படுவதும் தூரம் கூடுவதும் நடக்கிறது. அதைத் தடுப்பது பல வீடுகளில் காலின் பலவீனம் மட்டும் இல்லை. மனம் சோர்ந்தவர் எழும்ப மாட்டார். எழும்பாதவரின் கால் இன்னும் மெலியும். கால் மெலிந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் வரும், பயம் வந்தால் படலை வரைக்கும்கூடப் போக மாட்டார், போகாதவரைத் தேடி ஒருவரும் வரவும் மாட்டார்கள். இந்தச் சுற்றை ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கீழே சொல்பவற்றில் உடலுக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று பிரித்து எடுக்காதீர்கள்.

படி 1: கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள்

பயிற்சி தொடங்குமுன் கொப்பியில் கடைசியாகப் பதிந்த திகதியைப் பாருங்கள். பிறசர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றும் எப்போது பார்க்கப்பட்டன? ஒருமுறை பாரிசவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதில் முதல் எதிரி பிறசர். பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். உங்கள் ஆளுக்கு என்ன அளவு என்று கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எண்ணெய் பிடிப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் சுகம் தரலாம், அதற்கு நான் எதிரியில்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிற்பாட்டுவதுதான் ஆபத்து. குளிசை முடிந்து கிளினிக் நாள் தவறிப்போவதும் அதே ஆபத்துத்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் உப்பு எவ்வளவு என்று தெரியும்தானே, குறையுங்கள். சுருட்டும் பீடியும் அடியோடு வேண்டாம்.

வன்னிக்கென்று தனியாக இரண்டு விடயம். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் சிறுநீரக நோய் அதிகம். தோள் நோவுக்குக் கடையில் டைக்குளோபெனாக் போன்ற குளிசையை வாங்கி நாளாந்தம் போடுவது சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிறசரையும் ஏற்றும். மற்றது, உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிற பலர் நம்மிடையே இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினால், கேட்கும்வரை காத்திருக்காமல் அதை முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

திடீரென வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும் என்பதால் மருத்துவர் முதலில் கேட்பதே அந்த நேரத்தைத்தான்.

படி 2: மனதைக் கேளுங்கள்

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. அது முதல் வருடத்தோடு முடிகிற விடயமும் இல்லை. இழப்பின் துயரம் ஒரு பக்கம், மூளையில் பட்ட காயமே மனநிலையைக் குழப்புவது இன்னொரு பக்கம். ஆகவே "மனதைத் திடப்படுத்துங்கோ ஐயா" என்று சொல்லி முடிக்கிற காரியம் இல்லை இது.

எங்கள் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சு கனக்குது", "சாப்பாடு இறங்குதில்லை", "எனக்கென்ன, போய்ச் சேர்ந்தால் சரி" என்பார்கள். அல்லது எதற்கும் எரிந்து விழுவார்கள். இரண்டு கேள்விகள் போதும்: கடந்த இரண்டு கிழமையில் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து இருந்ததா? முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் விருப்பம் இல்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். பேச்சுப் போனவரிடம் இப்படிக் கேட்க முடியாது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாரா, விடியப்புறமே முழித்துக் கிடக்கிறாரா, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். பேச்சுப் போனால் அறிவும் போய்விட்டது என்று நினைத்து அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றிக் கதைக்கிறார்களே, அதைவிட மனதை ஒடிக்கிறது வேறில்லை. சின்ன வசனமாகக் கேளுங்கள், ஆம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், பதிலுக்குப் பொறுத்திருங்கள்.

சிலர் ஒரு காரணமும் இல்லாமல் திடீரென அழுவார்கள், அல்லது சாவீட்டில் சிரித்துவிடுவார்கள். அது பெரும்பாலும் மூளைக் காயத்தால் உணர்ச்சி கட்டுப்பாடு இழப்பது, மனச்சோர்வு வேறு. சுற்றி நின்று தேற்றினால் அழுகை கூடும். பேச்சை மாற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடிக்கடி வந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது.

இன்னொன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2009 இறுதிப் போரைக் கடந்து வந்தவர்களுக்கு, வயலும் கூலி வேலையும் பிள்ளைகளைக் கரைசேர்க்கும் ஓட்டமும்தான் பழைய நினைவுகளை ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்தன. பாரிசவாதம் அந்த ஓட்டத்தை நிற்பாட்டி ஆளைக் கதிரையில் இருத்துகிறது. பகல் முழுக்க வேலையில்லாமல் இருக்கும்போது மாத்தளனும் முகாமும் காணாமல்போன மகனும் திரும்பி வருவார்கள். இரவில் அலறி எழும்புவது, வெடிச்சத்தத்துக்கு நடுங்குவது இருந்தால் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே போவது "விசர்" என்று பெயர் எடுப்பதற்கு இல்லை, கதைக்கவும் மருந்து தேவையா என்று பார்க்கவும்தான்.

மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் தொடங்கச் சில கிழமைகள் எடுக்கும். ஒரு கிழமை போட்டுவிட்டுச் சரிவரவில்லை என்று விடக்கூடாது, நல்லாகிவிட்டது என்று தாமாக நிற்பாட்டவும் கூடாது. அதே குளிசைகளில் ஒன்றான புளூஒக்சிட்டின் கை காலையும் கெதியாகத் திருப்பும் என்று ஒரு காலம் எதிர்பார்த்தார்கள். 2018 தொடக்கம் 2020 வரை வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அப்படி நடக்கவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. ஆகவே மனதுக்குத் தேவையென்றால் மருத்துவர் சொல்லி எடுக்கவேண்டும், நடைக்கென்று கேட்டு வாங்க வேண்டாம்.

சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மருந்தடிக்கிற போத்தல்களை, அதாவது களைகொல்லி, பூச்சிகொல்லி எல்லாவற்றையும் இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பூட்டிவையுங்கள். வயல் செய்கிற வீடுகளில் உயிரைக் காக்கும் மிகப் பெரிய வேலை இதுதான். குளிசைப் பையையும் உங்கள் கையில் வைத்திருங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

படி 3: மறுபடி இயன்மருத்துவரிடம் போங்கள்

"பழைய வருத்தக்காரரை இனி எடுக்கமாட்டார்கள்" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். கிளினிக் மருத்துவரிடம் இயன்மருத்துவத்துக்குப் புதுக் கடிதம் கேளுங்கள். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024இல் மருத்துவப் புனர்வாழ்வுக்கென்று தனிக் கட்டடத் தொகுதி திறந்திருக்கிறார்கள். ஏ9 வீதியில், கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் இருப்பதால் பலருக்கு அது கிட்ட. போனால் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: பாதம் தொங்கித் தரையில் உரசுகிறதா (அதற்குக் கால் பட்டி போடலாம்), தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா, ஒரு பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா. இடப்பக்கத்தில் இருக்கிற சோற்றைத் தொடாமல் வைப்பவர் பிடிவாதக்காரர் இல்லை, அந்தப் பக்கமே அவர் கவனத்தில் இல்லை.

தோளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சோர்ந்த கையைப் பிடித்து இழுத்தோ, கமக்கட்டுக்குள் கைகொடுத்தோ தூக்கக்கூடாது. கூரை வளையில் கயிறு போட்டு நல்ல கையால் சோர்ந்த கையை மேலே இழுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதையும் அவிழ்த்துவிடுங்கள். தோள் நோவைக் கூட்டுவதுதான் அதன் பலன்.

படி 4: கதிரையிலிருந்து எழும்புவது

எல்லாப் பயிற்சிகளிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் எடுப்பேன். தொடை பலப்படும், மலசலகூடத்துக்குத் தானே போகலாம், ஒருவரை எதிர்பார்த்திருக்கும் வெட்கம் குறையும்.

பிளாஸ்டிக் கதிரை சரிவராது, வழுக்கும், சரியும். கைபிடி உள்ள பாரமான மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் போதாவிட்டால் போர்வையை மடித்து வையுங்கள். பின்பக்கத்தை முன்னுக்கு நகர்த்தி இருக்கட்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், தரையில் முழுதாகப் பதிய வேண்டும். சோர்ந்த காலை மற்றதைவிட ஒரு சாண் அல்ல, சில விரற்கடை பின்னுக்கு வைத்தால் அதுவும் பாரம் எடுக்கப் பழகும். பிறகு மூக்கு கால்விரலுக்கு மேலே வருமட்டும் முன்னுக்குக் குனிந்து எழும்ப வேண்டும். பலர் நேராக நிமிர்ந்தபடி எழும்பப் பார்த்துப் பின்னுக்கு விழுகிறார்கள். குனிவதுதான் எழும்புவதன் பாதி. இருக்கும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்கட்டும். கூட நிற்பவர் சோர்ந்த பக்கத்தில் நிற்கவேண்டும், கையைப் பிடிக்காமல் இடுப்புப் பட்டியைப் பிடிக்கலாம்.

ஐந்து தடவை, நாளுக்கு மூன்று முறை என்று தொடங்குங்கள். சாப்பாட்டு நேரத்தோடு கட்டிவிட்டால் மறக்காது. இலேசானதும் போர்வையை எடுத்துவிடுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எழும்பி நின்றதும் யன்னல் கம்பியைப் பிடித்து இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் பாரத்தை மாற்றப் பழகலாம். தலை சுற்றினால் இருத்திவிட்டுப் பிறசரைப் பாருங்கள். நெஞ்சு நோவு வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கைக்கு விசேட சாமான் ஒன்றும் தேவையில்லை. விரலில் கொஞ்சமாவது அசைவு இருந்தால் கச்சான் உடைக்கக் கொடுங்கள். சுளகில் உழுந்து பரப்பிக் கல் பொறுக்கட்டும். ஒன்றுமே அசையாத கையென்றால் மேசையில் துவாயை விரித்து, நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தேய்க்கலாம், விரல்களை நீட்டி வைக்கலாம். பயன்படும் வேலையாக இருப்பது முக்கியம். பந்தைப் பிசையச் சொன்னால் இரண்டு நாளில் எறிந்துவிடுவார், வீட்டுத் தோசைக்குப் போகிற உழுந்தைப் பொறுக்கச் சொன்னால் நாளைக்கும் கேட்பார்.

படி 5: வளவைச் சரிசெய்யுங்கள்

வெளியே போக மறுப்பவரின் கண்ணால் ஒருக்கா உங்கள் முற்றத்தைப் பாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகளின் வாசற்படி பெரும்பாலும் உயரம், பிடிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே மணல். ஒரு கம்பியையோ உறுதியான தடியையோ படியோரம் நட்டுவிடுங்கள். படலை வரைக்கும் ஒரு பாதையைக் கிறவல் போட்டு இறுக்கினால் சக்கர நாற்காலியும் போகும். மலசலகூடத்துக்குப் போகிற வழியில் இரவு லைற் இருக்க வேண்டும், குந்தியிருக்க முடியாதவருக்குக் கொமட் கதிரை வேண்டும், சுவரில் பிடிகம்பி வேண்டும். கிணற்றடி பாசி பிடித்து வழுக்கும், அங்கே கதிரை போட்டு இருத்திக் குளிப்பாட்டுங்கள். சாரத்தை உயர்த்திக் கட்டுங்கள், பின்பட்டி உள்ள செருப்பைப் போடுங்கள்.

பொல்லு நல்ல கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வரவேண்டும். முதலில் பொல்லு, பிறகு சோர்ந்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சோர்ந்த கால் முதலில்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவையும் உபகரணங்களையும் விசாரியுங்கள். மருத்துவச் சான்றும் கிராம அலுவலரின் கடிதமும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

படி 6: நடப்பதற்கு ஒரு காரணம்

"நடவுங்கோ அப்பா, நடந்தால்தான் நல்லது" என்று தினமும் சொல்லி அலுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நன்மைக்காக நடப்பது யாருக்கும் நீண்ட நாள் ஓடாது. போவதற்கு ஓர் இடமும், செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும்.

நான் அறிந்த ஒரு வீட்டில் ஒரு பெரியவர் நாலு வருடமாக விறாந்தையை விட்டு இறங்கவில்லை. நடையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, காலையில் கோழிக்குத் தீன் போடும் வேலையை மருமகள் அவரிடம் கொடுத்தார். தீன் பேணி கூட்டடியில், மூன்று படி இறங்கிப் பதினைந்து எட்டு. முதல் நாட்களில் பேரன் கூடவே போனான். பிறகு கூட்டில் முட்டை குறைந்தால் அவரே கணக்குக் கேட்கத் தொடங்கினார். அப்புறம் படலையடி, அதன் பிறகு பக்கத்து வீட்டு மாமரத்தடி. காலில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை, இன்றைக்கும் இழுத்துத்தான் நடக்கிறார். ஆனால் "நான் போனால் சரி" என்ற கதை அந்த வீட்டில் இப்போது இல்லை.

உங்கள் ஆளுக்கு எது காரணமாகும் என்று அவரிடமே கேளுங்கள். வயலைப் பார்க்கவேண்டும் என்பார் ஒருவர். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு, ஆவணியில் மடுவுக்குப் போகவேண்டும் என்பார் இன்னொருவர். அந்தத் திகதியிலிருந்து பின்னுக்கு எண்ணித் திட்டமிடுங்கள். கோவில் வெளி மணல், ஆகவே மணலில் நடக்க வீட்டிலேயே பழகவேண்டும். ஓட்டோவில் ஏறி இறங்கப் பழகவேண்டும். கரண்ட் கம்பங்களை அடையாளமாக வைத்து, ஒரு கம்பம் வரைக்கும் ஒரு கிழமை, அடுத்ததுக்கு அடுத்த கிழமை என்று கூட்டுங்கள். நடக்கும்போது கதைக்க முடிகிற வேகம் சரியான வேகம். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்குள் முடியுங்கள், அல்லது பொழுது சாயப் போங்கள். மாரி காலத்தில் முற்றம் சேறாகும்போது நடை நின்றுவிடாமல் விறாந்தைக்குள் எண்ணி நடக்கட்டும்.

பெண்களின் நிலை வேறு, அதைத் தனியாகச் சொல்லவேண்டும். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தால் அடுப்படியை மகளோ மருமகளோ எடுத்துவிடுகிறார்கள், அன்பினால்தான். ஆனால் நாற்பது வருடமாக அவர் ஆண்ட இடம் அது. போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்திய பெண்ணுக்கு, ஒரு தேத்தண்ணீருக்கும் பிறரைக் கேட்கவேண்டி வருவது கால் இழந்ததைவிடப் பெரிய அடி. கதிரையை அடுப்படிக்குள் கொண்டுபோங்கள். நெருப்பையும் சுடுநீரையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளி உரிப்பது, கறிக்கு உப்பு, புளி பார்ப்பது, இன்றைக்கு என்ன சமையல் என்று முடிவெடுப்பது அவரிடம் இருக்கட்டும்.

வாய் கோணியிருக்கிறது, எச்சில் வடிகிறது, ஆட்கள் பார்ப்பார்கள் என்ற வெட்கத்தில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகாமல் விடுகிறவர்கள் நிறைய. முதலில் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள், பழைய கூட்டாளியாக இருந்தால் நல்லது. அரை மணித்தியாலம் போதும். அயலவர்களே, நீங்களும் "ஐயோ பாவம்" என்று தொடங்காமல் மழை, நெல் விலை, ஊர்க்கதை கதையுங்கள்.

படி 7: களைப்பும் விழுகையும்

பாரிசவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு சாதாரணக் களைப்பு இல்லை, படுத்து எழும்பினாலும் போகாது. சோம்பல் என்று சொல்லாதீர்கள். பாரமான வேலையைக் காலையில் வையுங்கள், மத்தியானம் ஒருக்கா ஓய்வு, இரவு நித்திரை கெடாத அளவுக்கு.

விழுந்தால் உடனே தூக்காதீர்கள். நோவு எங்கே என்று கேளுங்கள். இடுப்பில் கடும் நோவு இருந்தால், கால் குறுகித் திரும்பியிருந்தால் அசைக்காமல் 1990ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், நல்லாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றுமில்லை என்றால், பக்கத்தில் கதிரையை வைத்து முழங்காலில் நிற்கவைத்து அவராகவே எழும்ப உதவுங்கள். அடுத்த நாளே மறுபடி நடக்கத் தொடங்குங்கள், தள்ளிப்போட்டால் பயம் குடியேறிவிடும்.

படி 8: பார்க்கிறவரையும் பாருங்கள்

ஒரே ஆள்தான் எல்லாம் செய்வார், பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவருக்கும் இடுப்பு நோவு, நித்திரைக் குறைவு, யாரிடமும் சொல்ல முடியாத எரிச்சல் இருக்கும். படி 2இல் சொன்ன இரண்டு கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். கிழமைக்கு ஒரு அரைநாள் வேறொருவர் பொறுப்பெடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்புவதோடு நிற்காமல், அந்த அரைநாளுக்கு ஆள் ஒழுங்குபண்ணுங்கள். வீடியோ அழைப்பில் அப்பாவோடு மட்டும் கதைத்துவிட்டு வைக்காமல் அவரைப் பார்க்கிற அக்காவோடும் ஐந்து நிமிடம் கதையுங்கள்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாளும் இரண்டு குறி போடுங்கள்: எங்கே வரைக்கும் நடந்தார், மனம் எப்படி இருந்தது. மனதுக்கு நல்லம், பரவாயில்லை, சரியில்லை என்ற மூன்று சொல் போதும். மூன்று மாதம் போனதும் தாள்களைக் கிழித்தெறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு உங்களோடு கதைக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கும், இந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். தூரம் குறைந்துகொண்டே வந்தால், "சரியில்லை" என்று தொடர்ந்து இரண்டு கிழமை வந்தால், புதிதாக விழத் தொடங்கினால், கை கால் முன்பைவிட இறுகினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் போங்கள்.